விரல் துண்டானால்: 'ஐஸில் போடு' என்பதில் பாதிதான் சரி

பிரஸ் மெஷினிலோ, மரம் அறுக்கும் ரம்பத்திலோ, கரும்பு ஜூஸ் மெஷினிலோ யாருக்காவது விரல் போய்விட்டால், சுற்றி நிற்பவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "விரலை ஐஸ்ல போட்டு எடுத்துட்டு வாங்க." அடுத்தவர் பாலில் போடச் சொல்வார். இன்னொருவர் காயத்தில் மஞ்சள் தூளை அப்பச் சொல்வார். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒழுங்காக வந்திருந்தால் ஒட்டியிருக்கக்கூடிய விரல், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே விறைத்துப்போயோ டெட்டாலில் ஊறி வெளுத்துப்போயோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதும் இதே நல்ல எண்ணத்தால்தான்.

செய்ய வேண்டியதை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் பதற்றத்தில் ஒன்றும் நினைவுக்கு வராது. ஏன் என்று புரிந்துவிட்டால் தப்பாகச் செய்ய மாட்டோம். அதனால் முதலில் காரணம், அப்புறம் செய்முறை. (இப்போதே அவசரம் என்று தேடி வந்தவர்கள் 108-ஐ அழைத்துவிட்டு நேராக 'முதலில் ஆள், அப்புறம் விரல்' என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.)

## பிரிந்த விரல் இன்னும் சாகவில்லை

கையை விட்டுப் பிரிந்த விரலைப் பார்க்கிற யாருக்கும் அது செத்துவிட்டது என்றுதான் தோன்றும். வெளிறிப்போய், தோல் கொஞ்சம் சுருங்கி, தொட்டால் சில்லென்று இருக்கும். அந்த வெளுப்பு சாவின் அடையாளம் இல்லை, உள்ளே இருந்த ரத்தம் வடிந்துவிட்டது, அவ்வளவுதான். தோல், எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் என்று உள்ளே இருக்கும் செல்கள் எல்லாம் அந்த நேரத்தில் உயிரோடுதான் இருக்கின்றன.

பறித்த மல்லிகை மொட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செடியை விட்டுக் காலையிலேயே வந்துவிட்ட மொட்டு சாயங்காலம் தானாக மலர்கிறது, அதாவது பறித்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் வாடிவிடும். ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள்வரை தாங்கும். அதே பூவைத் தெரியாமல் ஃபிரீசரில் வைத்துவிட்டால் வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி நசநசத்துப்போகும், தண்ணீரில் ஊறப் போட்டாலோ அழுகிவிடும். விரலுக்கும் ஏறக்குறைய இதே நியாயம்தான்.

உள்ளே நடப்பது இது. செல்கள் உயிரோடு இருக்க ஆக்சிஜன் வேண்டும், அதைக் கொண்டுவருவது ரத்தம். ரத்தம் நின்றதும் செல்கள் கைவசம் இருக்கும் கொஞ்சநஞ்சச் சக்தியை வைத்து ஓட்டுகின்றன, கழிவும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. இப்படி ரத்த ஓட்டம் இல்லாமல் ஒரு உறுப்பு தவிக்கும் நிலைக்குப் பெயர் இஸ்கீமியா. சூட்டில் செல்கள் வேகமாக வேலை செய்யும், அதனால் கையிருப்பு சீக்கிரம் தீரும். குளிரில் வேலை மந்தமாகும், கையிருப்பு நீண்ட நேரம் வரும். குளிர்ச்சி விரலைக் குணப்படுத்துவதில்லை. நமக்கு நேரம் வாங்கித் தருகிறது.

## எவ்வளவு நேரம் இருக்கிறது?

பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இப்படி. குளிரூட்டாமல் சாதாரண வெப்பத்தில் இருக்கும் விரலுக்குச் சுமார் 12 மணி நேரம், சரியாகக் குளிரில் வைத்தால் சுமார் 24 மணி நேரம். மணிக்கட்டுக்கு மேலே, முன்கையோ முழங்கையோ துண்டானால் இது பாதியாகிவிடும்: குளிரில்லாமல் 6, குளிரில் 12.

ஏன் இந்த வித்தியாசம்? ரத்தம் இல்லாமல் முதலில் சாவது தசை. விரலுக்குள் தசை கிடையாது, விரலை மடக்குவதும் நீட்டுவதும் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள். அவற்றிலிருந்து வரும் கயிறு போன்ற தசைநாண்கள் மட்டும்தான் விரலுக்குள் ஓடுகின்றன. அதனால்தான் விரல் கொஞ்சம் பொறுக்கிறது, முழுக் கை பொறுப்பதில்லை.

தைவானில் ஒரே நோயாளிக்கு, குளிரில் வைத்திருந்த மூன்று விரல்களை முறையே 84, 86, 94 மணி நேரம் கழித்து ஒட்டவைத்துப் பிழைக்க வைத்ததாக 1988-இல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு "அப்ப நாளைக்குக்கூடப் போகலாம் போல" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அபூர்வம். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு: இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, இனி பயனில்லை என்று விரலை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த முடிவை நாம் எடுக்கக் கூடாது.

இதுவரை வந்தது: பிரிந்த விரல் உயிருள்ள திசு. குளிர் அதற்கு நேரம் தருகிறது. அந்த நேரம் நிமிடக் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில் இருக்கிறது, ஆகவே தலைதெறிக்க ஓடித் தப்பாகச் செய்வதைவிட ஐந்து நிமிடம் எடுத்துச் சரியாகச் செய்வது மேல்.

## ஐஸ் நேராகப் பட்டால் என்ன ஆகும்?

குளிர் நல்லது என்றால் ஐஸ் இன்னும் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டி பூஜ்ஜியம் டிகிரியில் இருப்பதில்லை. வீட்டு ஃபிரீசர் ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரிக்கு அமைக்கப்பட்டது, அதிலிருந்து வரும் கட்டியும் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் இருக்கும். அது விரலில் நேராக ஒட்டினால் அந்த இடத்துத் திசுவுக்குள் இருக்கும் நீர் உறைந்து நுண்ணிய பனிப்படிகங்கள் உண்டாகும், அவை செல்களின் சவ்வைக் கிழித்துவிடும். கிழிந்த செல் உருகினாலும் திரும்பாது. இன்னொன்று, ரத்தக்குழாயின் உட்புறத்தில் மிக மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. அது கெட்டுவிட்டால் மருத்துவர் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் ரத்தம் அதில் பட்டதும் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். வெளியே பார்க்க விரல் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே வழி மூடியிருக்கும்.

நமக்கு வேண்டியது சுமார் 4 டிகிரி. ஐஸோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் அந்தக் கலவை பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும், அதற்குக் கீழே போகாது. நடுவில் துணியும் கவரும் இருந்தால் விரல் அதைவிடச் சற்று மேலே இருக்கும். தண்ணீர் சேர்ப்பதன் ரகசியம் இவ்வளவுதான். உப்பு மட்டும் சேர்க்கவே கூடாது. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டுவது ஏன்? பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறக்கிப் பாலை உறைய வைக்கத்தான். அந்த ஐஸ் விரலுக்கு ஆகாது.

சரி, தண்ணீரில் மிதக்க விட்டால்? வெறும் தண்ணீரில் ஊறினால் செல்கள் நீரை உறிஞ்சி உப்பும், தோல் ஊறி வெளுக்கும், வெட்டுவாயில் இருக்கும் நரம்பு நுனியையும் குழாய் நுனியையும் அடையாளம் காண்பதே சிரமமாகிவிடும். டெட்டால், ஸ்பிரிட், சானிடைசர் எல்லாம் கிருமியைக் கொல்கிற வேகத்தில் நம் செல்லையும் கொல்லும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, கிரீஸ் போன்றவற்றை ஆப்பரேஷனுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து கழுவி எடுக்க வேண்டியிருக்கும், அதற்குள் எவ்வளவு கெட்டது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பால் விஷயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அடிபட்டு வேரோடு விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப்போகச் சொல்வது உண்மையான, சரியான முதலுதவி. பல்லின் வேரை ஒட்டியிருக்கும் மெல்லிய செல் படலம் காய்ந்துவிடாமல் பால் கொஞ்ச நேரம் காப்பாற்றும். யாரோ பல்லுக்குச் சொன்னதை விரலுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விரலுக்குப் பால் வேண்டாம்.

ஆக, ஐஸ் விரலுக்கு அருகில் இருக்கலாம், விரலைத் தொடக் கூடாது. ஈரம் இருக்கலாம், ஊறக் கூடாது. மருந்து என்ற பெயரில் எதுவும் படக் கூடாது.

## முதலில் ஆள், அப்புறம் விரல்

விரல் விழுந்ததும் கூட்டமே குனிந்து விரலைத் தேடும், காயம்பட்டவர் சுவரில் சாய்ந்து நின்றபடி ரத்தம் சொட்டிக்கொண்டிருப்பார். இது தலைகீழ். விரலுக்கு மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது என்று பார்த்தோம், ஆளுக்கு இல்லை.

மெஷினை நிறுத்துங்கள், சுவிட்சை மட்டும் அல்ல, மின்சாரத்தையே துண்டியுங்கள். கை உள்ளே சிக்கியிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம், இழுக்கிற இழுப்பில் நரம்பும் குழாயும் உருவிக்கொண்டு வந்துவிடும். வெளியே எடுக்க வழி தெரியவில்லையென்றால் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள், மெஷினைப் பிரித்து எடுக்க அவர்களுக்குத் தெரியும்.

ஆளை உட்கார வையுங்கள், முடிந்தால் படுக்க வையுங்கள். விரல் இல்லாத கையைப் பார்த்ததும் மயங்கி விழுந்து தலையிலும் அடிபடுவது உண்டு. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, நன்றாக அழுத்தி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். முழுதாகப் பத்து நிமிடம். நடுவில் "நின்னுடுச்சான்னு பாப்போம்" என்று எடுத்துப் பார்க்கக் கூடாது, உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பிய்ந்துவந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

விரலின் ரத்தப்போக்கு பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். முழுதாக அறுபட்ட ரத்தக்குழாய் தானே சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும் குணமுடையது, அழுத்தம் அதற்குத் துணை. அதனால் ரப்பர் பேண்ட், நூல், கம்பி என்று எதையாவது எடுத்து விரலின் அடியில் இறுக்கிக் கட்ட வேண்டாம். மருத்துவர் தைக்க வேண்டிய குழாயும் நரம்பும் அங்கேதான் இருக்கின்றன, அவற்றை நாமே நசுக்குவதாக ஆகிவிடும். அரைகுறையாகக் கட்டினால் இன்னொரு தொல்லை: உள்ளே வரும் ரத்தம் நிற்காது, திரும்பிப் போகும் ரத்தம் மட்டும் தடைபட்டு ஒழுக்கு கூடும்.

கையே துண்டாகி, அழுத்தியும் ரத்தம் பீய்ச்சியடிக்கிறது என்றால் கதை வேறு. அப்போது டூர்னிகே தேவைப்படலாம், அதாவது ரத்தம் வரும் பாதையையே முழுதாக அடைக்கும் அகலமான இறுக்குக் கட்டு. காயத்துக்கு நாலு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைத்து, ஆஸ்பத்திரி வரும்வரை அவிழ்க்காமல் விட வேண்டும். உயிர் போகிற நிலையில் மட்டும்தான் இது.

மோதிரம் இருந்தால் வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். குடிக்க சோடா, காபி, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம், அப்போது வயிறு காலியாக இருப்பது நல்லது. பாவம், தாகமாக இருக்கும்தான். உதட்டை நனைத்துவிடலாம்.

## விரலை எடுத்துப்போகும் முறை

ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் தேடலாம். கையுறை போட்டிருந்தால் முதலில் கையுறைக்குள் பாருங்கள், விரல் அதற்குள்ளேயே இருக்கும், அவசரத்தில் கையுறையைக் கழற்றிக் குப்பையில் வீசிவிடுவார்கள். மெஷின் தட்டு, மரத்தூள் குவியல், ஜூஸ் மெஷின் என்றால் சக்கைக்கூடை. சின்னத் துண்டு, நகத்தோடு பிய்ந்த தோல், எலும்புச் சில்லு என்று எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டவைக்க முடியாத துண்டிலிருந்துகூடத் தோலையோ நரம்பையோ எடுத்து வேறு இடத்துக்குப் பயன்படுத்துவார்கள். தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக ஆளை நிறுத்தி வைக்காதீர்கள், அவர் ஆம்புலன்ஸில் போகட்டும், விரல் பின்னாலேயே பைக்கில் வரட்டும்.

விரலில் மண்ணோ தூளோ ஒட்டியிருந்தால் நார்மல் சலைன், அதாவது டிரிப்ஸ் ஏற்றும் உப்பு நீரால், ஒருமுறை மெதுவாக அலசுங்கள். அது இல்லாவிட்டால் சுத்தமான குடிதண்ணீர். நீங்களாக உப்பு கரைக்க வேண்டாம், அளவு தப்பும். தேய்க்கவும் கூடாது. அப்புறம் மெல்லிய காஸ் துணியையோ சலவை செய்த கைக்குட்டையையோ நனைத்து, சொட்டுச் சொட்டாக வடியாத அளவுக்குப் பிழிந்து, விரலை அதில் சுற்றுங்கள். சுற்றியதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தண்ணீர் புகாதபடி வாயைக் கட்டுங்கள். பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் போட்ட இன்னொரு கவரிலோ டப்பாவிலோ இந்தக் கவரை வையுங்கள். மேலே பெயரும் விபத்து நடந்த நேரமும்.

ஐஸ் கிடைக்கவே இல்லையா? ஈரத்துணி, கவர், இவை இரண்டோடு கிளம்புங்கள். போகிற வழியில் ஜூஸ் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அதற்காக விரல் கவரை ஸ்கூட்டர் டிக்கிக்குள் வெயிலில் வைத்துவிடாதீர்கள்.

விரல் முழுதாகப் பிரியாமல் ஒரு தோல் இழையில் தொங்கினால் அதை அறுத்துவிடுவது பெரிய தப்பு. அந்த இழைக்குள் ஒரே ஒரு சிரை, அதாவது ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், ஓடிக்கொண்டிருந்தால்கூட மருத்துவருக்கு அது பெரிய உதவி. முறுக்கியிருந்தால் மெதுவாக நேராக்கி, ஈரத்துணி சுற்றி, கையோடு சேர்த்து ஒரு அட்டையில் அசையாமல் கட்டி, ஐஸ் கவரைத் துணிக்கு வெளியே வைத்துக் கூட்டிப்போங்கள்.

## எந்த ஆஸ்பத்திரி?

விரலை ஒட்டவைப்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற வேலை இல்லை. கை அறுவைச் சிகிச்சையிலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ தேர்ந்தவரும் ஆப்பரேஷன் மைக்ரோஸ்கோப்பும் வேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது, கோவையில் கங்கா மருத்துவமனை இந்த வேலைக்குப் பேர்போனது. உங்கள் ஊருக்கு அருகில் எது என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

ரத்தம் அடங்காவிட்டாலோ தூரம் அதிகமென்றாலோ முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி. டிரிப்ஸ், டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி, ஆன்டிபயாடிக், முடிந்தால் கைக்கும் துண்டுக்கும் எக்ஸ்ரே, அங்கிருந்தே பெரிய இடத்துக்குப் போன். போனில் சொல்ல வேண்டியது ஐந்து: எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு, சுத்தமாக வெட்டுப்பட்டதா நசுங்கியதா, எத்தனை மணிக்கு நடந்தது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் பாதி விளக்கம் மிச்சம்.

## அங்கே என்ன செய்வார்கள்?

விரலின் இரண்டு பக்கமும் ரத்தம் கொண்டுவரும் ஒவ்வொரு தமனியும் ஒவ்வொரு நரம்பும் ஓடுகின்றன, ரத்தம் திரும்பிப் போகும் சிரைகள் பெரும்பாலும் புறங்கைப் பக்கம். தமனியின் அகலம் சுமார் ஒரு மில்லிமீட்டர், நுனிக்குப் போகப் போக அதைவிடக் குறைவு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லாத நூலால் இவற்றைத் தைப்பதற்குத்தான் மைக்ரோசர்ஜரி என்று பெயர். வழக்கமாக முதலில் எலும்பைக் கம்பி கொண்டு நிறுத்துவார்கள், அப்புறம் தசைநாண், அப்புறம் தமனி, நரம்பு, சிரை, கடைசியில் தோல். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகும்.

இந்த வித்தை வந்து அவ்வளவு காலம் ஆகவில்லை. 1962-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ரயிலில் அடிபட்ட 12 வயதுச் சிறுவனின் துண்டான கையை ஒட்டவைத்தார்கள். முழுதாகத் துண்டான கட்டைவிரலை மைக்ரோஸ்கோப் உதவியால் ஒட்டவைத்தது 1965-இல், ஜப்பானின் நாராவில், கொமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள்.

எல்லா விரலையும் ஒட்ட மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் என்றால் பெரும்பாலும் முயல்வார்கள், அது இல்லாமல் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. பல விரல்கள் ஒன்றாகப் போனாலோ, குழந்தை என்றாலோ அப்படித்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரே ஒரு விரல், அதுவும் அடிப்பக்கம் நசுங்கிப் போயிருந்தால் "ஒட்ட வேண்டாம்" என்று சொல்லக்கூடும். அந்த மருத்துவரை வேலை தெரியாதவர் என்றோ அக்கறை இல்லாதவர் என்றோ நினைத்துவிடாதீர்கள். மடங்காத, உணர்ச்சியில்லாத விரல் கையில் நீட்டிக்கொண்டிருந்தால் மற்ற விரல்களின் வேலையையும் அது கெடுக்கும். அதனால் காயம்பட்டவரிடம் "கவலைப்படாதீங்க, ஒட்டிடலாம்" என்று நாம் வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. "விரலைப் பத்திரமா எடுத்துட்டோம்" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

ஒட்டிய பிறகும் விரல் பழையபடி வந்துவிடாது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகும், குளிர்ந்தால் வலிக்கும், பிசியோதெரபி நீளும். முதல் சில வாரங்களுக்குப் பீடி, சிகரெட் அறவே கூடாது, நிகோடின் அந்த ஒரு மில்லிமீட்டர் குழாயைச் சுருக்கிவிடும், பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகிறவரையும் விரட்ட வேண்டும். காபி, டீயையும் பல இடங்களில் நிறுத்தச் சொல்வார்கள். இதில் பலருக்கு விரல் போனதைவிடப் பெரிய வருத்தம்.

## பட்டறையில் என்ன இருக்க வேண்டும்?

பல பட்டறைகளின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் காய்ந்துபோன டெட்டால் பாட்டிலும் காலாவதியான களிம்பும்தான் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு, கட்டுக் காஸ் துணி நாலைந்து, நார்மல் சலைன் பாட்டில் ஒன்று, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் சின்னதும் பெரியதுமாகச் சில, ஒரு மார்க்கர் பேனா, இவ்வளவு வைத்தால் போதும், ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. மூடியின் உட்புறத்தில் 108-ஐயும் அருகிலுள்ள மைக்ரோசர்ஜரி ஆஸ்பத்திரியின் நம்பரையும் எழுதி ஒட்டுங்கள். ஐஸுக்கு எந்தக் கடை, அது ராத்திரி எத்தனை மணிக்கு மூடும், மூடிய பிறகு யார் வீட்டு ஃபிரிட்ஜைத் தட்டுவது என்பதை நைட் ஷிஃப்ட் ஆட்களோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.